இரண்டரை

என் எடைமேடை பத்து கிலோவுக்குக் கீழே
எதையும் நம்பாது.
பாலக்கோட்டுத் தக்காளி லாரி ஏறி நிற்கும்,
சிவப்பு எண்கள் ஓடி ஓடி
பத்தின் மடங்கில் வந்து உட்காரும்.
மேடைமேல் கோழி நடந்தால்
அதற்குக் கணக்கில்லை.

நானோ காலையில்
ஷேவிங் பிளேடை வைத்துக்கொண்டு
ஐந்து மில்லிகிராமைப் பாதியாக்குகிறேன்.
சிந்திய தூளை
ஈர விரலால் ஒற்றி நாக்கில் வைக்கிறேன்.
கசக்கிறது. கசக்கட்டும்,
கணக்கில் குறையக் கூடாது.

புதுச் சிறுநீரகத்தோடு வீடு வந்தபோது
இருபதில் இருந்தேன்.
இரவு இரண்டு மணிக்கு எழுந்து
எடைமேடை அறைக்கு நீலச் சுண்ணாம்பு அடித்தேன்.
மூன்று மணிக்குப் பசி.
நாலு மணிக்கும் பசி.
கன்னம் உப்பிக் கண்ணை மேலே தள்ள,
பத்து வருஷமாய் என்னிடம் பில் வாங்கும்
ஓசூர் டிரைவர் ஜன்னலில் குனிந்து கேட்டார்:
"பழைய ஆள் எங்கே?"
"லீவு" என்றேன்.
"வந்தா நான் கேட்டேன்னு சொல்லுப்பா."

சர்க்கரை ஏறியது.
இடுப்பெலும்பு
பலமுறை துவைத்த சாக்காய் நைந்திருப்பதை
ஸ்கேன் சொன்னது.
சேலத்தில் டாக்டர் கமலவேணி
ஃபைலை மூடிவிட்டுச் சொன்னார்:
"ஸ்டீராய்டைக் குறைக்கலாம்."

சாலாக்காதான் ஒப்பவில்லை.
அவளுடைய இடப்பக்கத்தது
என் வலது அடிவயிற்றில் இருக்கிறது.
"குடுத்தது நானு.
காவலைக் குறைக்க
என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

டாக்டர் சிரிக்கவில்லை.
நாற்காலி இழுத்துப் போட்டார்.
"மூணு பேர் காவல்ல இருக்காங்கம்மா.
ரெண்டு பேர் அப்படியே இருப்பாங்க.
இந்த மூணாவது ஆள்
திருடனையும் விரட்டுறார்,
வீட்டுச் சாமானையும் தின்னுடுறார்.
ஆனா ஒரே நாள்ல அனுப்பிடவும் முடியாது.
இவர் பாத்துக்குவார்னு
உடம்பு தன் வேலையையே மறந்திருக்கு."

லாரிக்காரன் பொண்டாட்டி என் அக்கா.
கொஞ்சம் யோசித்துவிட்டு,
"தொப்பூர் இறக்கம்" என்றாள்.
"நியூட்ரல்ல விட்டா போச்சு."

அப்புறம்தான் நான்
இரண்டாம் கியரில் இறங்க ஆரம்பித்தேன்.
பதினைந்து. பத்து.
ஏழரையில் மூன்று மாதம் நின்றேன்.
ஏழரை எப்போ விடும் என்று
ஊரில் எல்லாரும் ஜோசியரைக் கேட்பார்கள்,
நான் டாக்டரைக் கேட்டேன்.
ஐந்துக்கு வந்தபோது
காலையில் எழுந்திருக்கவே அலுப்பு,
மூட்டெல்லாம் யாரோ கடன் கொடுத்தது மாதிரி.
ஆனால் கண்ணாடியில்
தாடை எலும்பின் ஓரம்
மெல்லத் தெரிந்தது.
சவரம் செய்யும்போது அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

இரண்டரை தொடங்கிய ஆறாம் வாரம்
கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஐந்து.
போன மாதம் ஒன்று புள்ளி இரண்டு.
"தண்ணி குடிங்க. பத்து நாள் கழிச்சு
மறுபடி பாப்போம். நீங்களா எதையும் மாத்தாதீங்க."

பத்து நாள்.
தக்காளி விலை விழுந்து
மாரண்டஹள்ளி ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள்.
காலி லாரிகள் எடைபோட வந்தன.
இருநூறு கிலோ வித்தியாசத்துக்குச் சண்டை போட்டார் ஒருவர்;
புள்ளி மூன்றை எங்கே ஏற்றி நிறுத்துவது
என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி அக்கா போன் செய்தாள்.
"வலிக்குதா?"
"எதுக்கா?"
"என்னோடது."
இல்லை என்றேன்.
வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள்,
டிவி சத்தம் கேட்டது.

ஒன்பதாம் நாள் ஓசூர் டிரைவர் வந்தார்.
பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"லீவு முடிஞ்சுதா?"
"பாதி."

நாளைக் காலை ஆறு மணி பஸ்.
கணவாயில் எஞ்சின் உறுமும்,
பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள்,
நம் டிரைவர் அவசரப்பட மாட்டார்.
மாத்திரை டப்பாவில்
இன்று காலை வெட்டியதன் மறுபாதி
விளிம்பு சற்றே சொரசொரத்து
கிடக்கிறது.